மெதுவானவர் முன்னால் போகட்டும்

திட்டம் போடுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எந்த எந்திரம் எப்போது ஓட வேண்டும், எது எப்போது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்திரங்கள் நான் சொன்னால் கேட்கும். வீட்டில் யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். அதனால் எங்கள் சைக்கிள் கூட்டத்தின் முழுநாள் பயணத்துக்குத் திட்டம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் கூடி, மாடம்பாக்கம் ஏரி வரை கியர் சைக்கிளில் போய், மிதித்துக் குறைத்ததையெல்லாம் மெதுவடையில் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிற நாலு பேர். என் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் தம்பி ஒருவன். ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை. உடம்போடு ஒட்டிய சட்டை போட்டுக்கொண்டு, இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று கைக்கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவான். தொண்ணூறு கிலோமீட்டருக்குக் குறைந்த எதையும் அவன் பயணம் என்று ஒத்துக்கொள்வதில்லை. இரண்டாவது, சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், ஆனால் அந்தக் குரலுக்கு விசில் தேவையே இல்லை. மூன்றாவது பள்ளிக்கரணைக்காரர், சொந்தமாகத் தண்ணீர் லாரி வைத்து ஓட்டுகிறவர். தொப்பைக்காக டாக்டர் திட்டியதில் சைக்கிள் வாங்கினார். தொப்பை அப்படியே இருக்கிறது, சைக்கிள்தான் இளைத்துவிட்டது. நாலாவது நான்.

ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவருக்காகத்தான் இந்தப் பயணமே.

அவர் என் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான். மேடவாக்கத்தில் டைல்ஸ், குழாய், சிமென்ட் எல்லாம் விற்கும் கடை வைத்திருப்பவர். போன வருஷம் இதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாகத்தான் வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து கடைச்சாவி அக்காவின் பீரோவுக்குள் போய்விட்டது. கடையில் மகன் உட்காருகிறான். மச்சான் தண்ணீர் கேனைத் தொடக் கூடாது, படி ஏறக் கூடாது, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கக் கூடாது. கடைசி ஓவர் வந்தால் அக்கா டிவியை அணைத்துவிட்டு, முடிவை ஆற அமர அவளே வந்து சொல்வாள். டாக்டரோ, நன்றாக நடக்கலாம், மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம், கடைக்கும் போகலாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் அக்கா, இதை மட்டும் அந்த மனுஷன் பாவம் சின்னப் பையன், அனுபவம் போதாது என்று தள்ளிவிட்டாள்.

ஒருநாள் அவர்கள் வீட்டு பால்கனியில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். கீழே ரோட்டில் லாரியும் பஸ்ஸும் ஒன்றை ஒன்று நகரவிடாமல் நின்றுகொண்டிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"மாப்ள, எனக்கு ஹார்ட்ல இப்ப ஒண்ணுமில்ல. ஆனா இப்படியே உக்காத்தி வெச்சீங்கன்னா நான் உக்காந்தே செத்துப் போயிடுவேன்."

அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். டீ ஆறிடுச்சு என்கிற மாதிரி சொன்னார். நேரே சமையலறைக்குப் போய் அக்காவிடம் சண்டை போட்டேன். அவளும் அழுதாள், நானும் கத்தினேன், கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள்.

"ஒரே ஒரு நாள் பாக்கறேன். உன் கூட்டத்தோட காலைல கிளம்பி சாயந்திரம் வரைக்கும் சைக்கிள் ஓட்டட்டும். திரும்பி வரும்போது அவரே மிதிச்சுக்கிட்டு இந்த கேட்டுக்குள்ள வரணும். வந்துட்டார்னா மறுநாள் கடைச்சாவி அவர் கையில. நடுவுல ஒரு தடவை வண்டியில ஏறினார்னாலும், அப்புறம் சாவியப் பத்தி என்கிட்ட யாரும் வாயத் திறக்கக் கூடாது."

ஆக, பந்தயம் இதுதான். ஒரு மனிதருக்கு அவருடைய கடை திரும்பக் கிடைக்குமா, இல்லையா.

திட்டக் கூட்டம் என் வீட்டு ஹாலில் நடந்தது. மச்சானைக் கூப்பிடவில்லை. தம்பி மடிக்கணினியில் ஒரு வரைபடம் கொண்டுவந்தான். அதில் ஏற்ற இறக்கமெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. மலை சைக்கிள் வைத்திருக்கும் எங்களுக்கு இருக்கும் ஒரே குறை, மலை இல்லாததுதான். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் மேம்பாலம். தம்பியின் திட்டப்படி நாங்கள் எல்லா மேம்பாலத்திலும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இருட்டிய பிறகு ஏறக்குறைய புறப்பட்ட இடத்திலேயே இருப்போம்.

"ஹார்ட் பேஷன்ட்டப்பா," என்றேன்.

"ஹார்ட் ரேட்ட ஸோன் டூவுல வெச்சு ஓட்டுனா ஒண்ணும் ஆகாதுண்ணா," என்றான். அது எந்த ஏரியா என்று லாரிக்காரர் கேட்டார்.

டீச்சர் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் உடற்பயிற்சி வேண்டும் என்றார். எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை போட வேண்டும் என்றும் சொன்னார். லாரிக்காரர் அதுவரை பிஸ்கட்டில் கவனமாக இருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாய், இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? நான் சைக்கிள் எடுக்கல. லாரி எடுத்துகினு பின்னாலயே வரேன். யாருக்கு முடியலியோ ஏறி குந்திக்கட்டும். தண்ணிக்குத் தண்ணியும் ஆச்சு."

"தண்ணி எதுக்கு? காலியா வாங்க."

"காலியா போனா டீசல் தண்டம் பாய். சாயந்திரம் உங்க அக்கா ஃப்ளாட்டுக்குத்தான் ஒரு லோடு கீது. ரொப்பிகினு வந்து, சுத்திட்டு, அங்கியே ஊத்திடறேன்."

ஐந்து பேர் போகும் பயணத்துக்கு ஒரு லாரித் தண்ணீர் பின்னால் வரும் என்று முடிவானது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது எங்கள் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

என் பங்குக்கு நான் ஒரு விதி கொண்டுவந்தேன். எங்கள் தொழிற்சாலையில் மெதுவாக ஓடும் எந்திரத்துக்குத் தகுந்த மாதிரிதான் மற்றதையெல்லாம் ஓட்டுவோம். அதேபோல மெதுவானவர் முன்னால் போவார், யாரும் அவரை முந்தக் கூடாது. மச்சான்தான் மெதுவானவர், அதனால் மச்சான் முன்னால். ஆனால் அவரிடம் நீங்கள்தான் மெதுவானவர் என்று சொல்ல முடியாதே. உறவில் மூத்தவர், அதனால் முன்னால் போகிறார் என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. எனக்கு அந்த விதியில் அவ்வளவு பெருமை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டேன்.

என் திட்டத்துக்குத் தெரியாமல் அக்கா ஒரு திட்டம் வைத்திருந்தாள். பயணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, அவருக்கு மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சா நீ உனக்கு முடியலன்னு சொல்லி எல்லாரையும் நிறுத்திடு. அவருக்காக நிறுத்தறோம்னு தெரிஞ்சா மனசு விட்டுடும். வேற யார்கிட்டயும் சொல்லாத. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை பேர் இருந்தும் என்னைத்தானே நம்புகிறாள் என்று. இதே பேச்சை, இதே கடைசி வரியோடு, அவள் தம்பியிடமும் டீச்சரிடமும் லாரிக்காரரிடமும் தனித்தனியாகப் பேசி முடித்திருந்தாள் என்பது மறுநாள் மத்தியானம்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து, மேடவாக்கத்தில் அக்கா வீட்டு அடுக்ககத்தின் வாசலிலிருந்து கிளம்பினோம். அக்கா மச்சானின் முதுகில் ஒரு பையை மாட்டினாள். வலித் தைலம், குளுக்கோஸ், மாத்திரை, ஒரு டப்பா நிறைய உப்பில்லாத சுண்டல். மச்சான் தலையில் அவருடைய சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, அதன்மேல் ஹெல்மெட். முன்னால் மச்சான், பின்னால் நாங்கள், அதற்கும் பின்னால் உறுமிக்கொண்டு லாரி. பார்க்கிறவர்களுக்கு ஏதோ தேர்தல் ஊர்வலத்தில் கூட்டம் சேராத மாதிரி இருந்திருக்கும்.

மேடவாக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூட ஆகவில்லை. மச்சான் துண்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். கண்ணில் கொசு விழுந்திருக்கிறது. பின்னால் வந்த டீச்சர் அதை மூச்சுத் திணறல் என்று எடுத்துக்கொண்டு, "ஐயோ, என் முட்டி!" என்று போட்டார் பாருங்கள் ஒரு சத்தம், எதிரே வந்த ஆட்டோ நின்றுவிட்டது.

எல்லோரும் நின்றோம். மச்சான் பதறி இறங்கினார். பையைத் திறந்து தைலத்தை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் பேண்ட்டுக்கு மேலேயே தேய்த்துக்கொண்டார். உண்மையில் அந்த டீச்சர் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தால் பிள்ளைகள்தான் மூச்சு வாங்கி உட்காருவார்கள். ஆனால் எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லை. எங்கள் கூட்டத்தின் உடல்நிலையை நினைத்துக் கவலைதான் வந்தது.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் மச்சான் ஒருமுறை இருமினார். உடனே தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஹார்ட் பேஷன்ட்டை ஓய்வெடுக்க வைக்க அவனுக்குக் கிடைத்த நோய், நெஞ்சு வலி! மச்சான் முகத்தில் அவ்வளவு கவலை. தம்பியைப் பெட்டிக்கடை நிழலில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். தம்பி கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அது அவன் ஆரோக்கியத்தைக் கூசாமல் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"கேஸா இருக்கும் தம்பி. ராத்திரி பரோட்டா சாப்பிட்டியா?"

"ஆமா அங்கிள்," என்றான், சாப்பிடாதவன். மச்சான் அவனுக்கு உப்பில்லாத சுண்டலை ஊட்டாத குறையாகக் கொடுத்தார். அவன் ஒவ்வொன்றாக மென்று விழுங்கியதைப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு வலி உண்மைதான் என்று பட்டது.

அகரம்தென் போகும் வழியில் என் முறை வந்தது. மச்சான் மெதுவாகப் போகிற மாதிரி தெரிந்தது. அவர் ஒரு கட்டடத்துக்கு வெளியே அடுக்கியிருந்த டைல்ஸ் எந்தக் கம்பெனி என்று பார்த்துக்கொண்டு போனார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தலை சுற்றுகிறது என்று டீக்கடைப் பெஞ்சில் சாய்ந்தேன். மச்சான் என்னைப் படுக்கவைத்து, காலடியில் ஒரு சோடாப் பெட்டியை வைத்து, குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றினார். டீச்சரும் தம்பியும் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான இரக்கம் இருந்தது. பாவம் இந்த ஆளுக்கு இந்த வயதிலேயே இப்படியா என்று அவர்கள் நினைத்தது முகத்தில் எழுதியிருந்தது. நானும் அவர்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு லாரிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பொன்மாருக்கு முன்னால், வீடுகள் நெருக்கமாக இருந்த ஒரு தெருவில் லாரிக்காரர் பிரேக் போட்டு இறங்கினார்.

"வண்டி ஹீட்டு ஆயிகிச்சு பெரிய பாய். கொஞ்சம் குந்துங்க, ஆறட்டும்."

எஞ்சின் ஜில்லென்று இருந்தது. அவர் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டு எதையோ தேடுவதுபோல் நேரம் கடத்தினார். ஆனால் அந்தத் தெருவில் தண்ணீர் வந்து நாளாகியிருக்க வேண்டும். லாரி நின்றதும் ஒரு வீட்டிலிருந்து ஒரு அக்கா குடத்தோடு வெளியே வந்தார். அடுத்த நிமிஷம் தெரு முழுக்கப் பச்சை, நீலம், சிவப்பு எனக் குடங்கள்.

"இது உங்களுக்கு இல்லம்மா, ஆர்டர் தண்ணி," என்று லாரிக்காரர் கையைத் தூக்கினார்.

"ஆர்டர் தண்ணின்னா இன்னாத்துக்கு எங்க தெருவுல நிறுத்துன? வேடிக்கை காட்டவா?" என்று அந்த அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

மச்சான் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "தொறந்து விடுப்பா. தண்ணின்னு வந்து நிக்கிறவங்கள இல்லேன்னு அனுப்பக் கூடாது."

"பெரிய பாய், இது உங்க ஃப்ளாட்டுத் தண்ணி!"

"எங்க ஃப்ளாட்டுதானே? நான் சொல்றேன், தொற."

அப்புறம் நடந்ததை நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தண்ணீர் சொம்பைக்கூடத் தூக்கவிடாத மனிதர், லாரியின் பின்னால் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, வரிசை வரிசை! வயசானவங்க முன்னாடி வாங்க. அந்தப் பச்சைக் குடம், நீங்க ஏற்கெனவே பிடிச்சிட்டீங்க, எனக்குத் தெரியும்." பல வருஷம் கடையில் சிமென்ட் லாரி இறக்கிய குரல் அது. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தக் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. இடுப்புவரை நனைந்து, வாயெல்லாம் பல்லாக நின்றார். லாரியும் காலியானது.

மாம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு நிறுத்தினோம். நான் சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே வந்தேன். மச்சான் உள்ளே நிதானமாகத் தொழுதுகொண்டிருந்தார். வாசலில் மரத்தடியில் மற்ற மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி தயங்கித் தயங்கி என் பக்கம் வந்தான்.

"அண்ணா, நீங்க ஒரு தடவை ஃபுல் செக்கப் பண்ணிக்கங்கண்ணா. அந்தத் தலைசுத்தல் எனக்குப் பயமா இருக்கு."

"முதல்ல நீ உன் நெஞ்சு வலியப் பாரு," என்றேன்.

"எனக்கென்ன, அது சும்மா..." என்று இழுத்தவன் சட்டென்று நிறுத்தினான். "உங்களுக்கும் அக்கா போன் பண்ணாங்களா?"

டீச்சர் எழுந்து நின்றார். "யாரு, மேடவாக்கம் அக்காவா? உங்களைத்தான் நம்பியிருக்கேன்னு..."

"எனக்கும்தான் சொல்லிச்சு," என்றார் லாரிக்காரர். "நான் லாரிக்கே சீக்கு வரவெச்சேன்!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் பள்ளிவாசலுக்குள்ளிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டோம். இனி யாரும் நடிக்கக் கூடாது, மச்சான் நம்மையெல்லாம்விட நன்றாகத்தான் ஓட்டுகிறார் என்று அங்கேயே முடிவு செய்தோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்பு இருந்தது. உன்னைத்தானே நம்பியிருக்கிறேன் என்றாள்!

மாம்பாக்கத்துக்குப் பின்னால் ஏரிக்கரை மண்பாதையில் போனால் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பாறைக் குன்று வரும். மலை என்று சொன்னால் மலை கோபித்துக்கொள்ளும், ஆனால் எங்களுக்கு அதுதான் மலை. மச்சான் சின்ன கியரில் போட்டு நிதானமாக ஏறினார். டீச்சரும் தம்பியும் அவர் பின்னால். லாரிக்காரர் கீழே பாதை முனையில் வண்டியை நிறுத்திக்கொண்டார். நான் கடைசி.

பாதி ஏற்றத்தில் என் வலது கெண்டைக்காலில் யாரோ கம்பியால் முறுக்கிய மாதிரி இருந்தது. குரக்களி என்கிற தசைப்பிடிப்பு. இறங்க முயன்றேன், இடது காலிலும் பிடித்தது. சைக்கிளோடு அப்படியே சாய்ந்தேன். என் மேல் சைக்கிள், எனக்குக் கீழே சரளைக் கல்.

"தம்பி! முடியலடா!" என்று கத்தினேன்.

மேலிருந்து திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா, போதும்ணா! மச்சான் அங்கிள் முன்னாடி போயிட்டார், பாக்கல!"

"நிஜமாவே முடியலடா!"

"சூப்பர் அண்ணா, காலையிலவிட இது நல்லா இருக்கு!"

டீச்சர் கைதட்டினார். தட்டிவிட்டு இருவரும் மேலே போய்விட்டார்கள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவமானம் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திட்டம் போட்டவன் நான், விதி கொண்டுவந்தவன் நான், நடுப்பாதையில் கவிழ்த்த கரப்பான்பூச்சி மாதிரி கிடக்கிறவனும் நான்.

சரளையில் டயர் வரும் சத்தம் கேட்டது. மச்சான் திரும்பி வந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளை என் மேலிருந்து தூக்கி ஓரமாக வைத்தார். என் ஷூவைக் கழற்றி, பாதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, விரல்களை மெதுவாக என் பக்கம் வளைத்தார். வலியில் அலறினேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. தலையிலிருந்த துண்டை எடுத்து நனைத்து என் தலையில் போட்டார்.

"மச்சான், உண்மையாவே முடியல."

"தெரியுது."

"அவங்க நம்ப மாட்டேங்கறாங்க."

"எப்படி நம்புவாங்க? காலையிலேர்ந்து ஆளாளுக்கு மாத்தி மாத்தி செத்துப் பொழைச்சீங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"உங்க அக்கா நேத்து வரிசையா போன் பண்ணப்போ நான் உள்ரூம்லதானே படுத்திருந்தேன். தூங்கறேன்னு நெனைச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டுப் பேசறீங்க." இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நம்ம ஃப்ளாட்டு கார் பார்க்கிங்ல தினமும் விடியக்காலைல சைக்கிள் ஓட்டறேன். வாட்ச்மேனுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். உங்க அக்காவுக்கு மட்டும்தான் தெரியாது."

"அப்புறம் ஏன் மச்சான் காலைலயே சொல்லல? அந்தச் சுண்டல அவனுக்கு ஊட்டினீங்களே!"

"அது யாராவது தின்னணும்ல," என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "நான் நல்லா இருக்கேன்னு சொன்னா ஒருத்தரும் நம்பறதில்ல மாப்ள. வாய் வலிக்கச் சொல்லிப் பாத்தாச்சு. இப்ப நீ முடியலன்னு கத்தின பாரு, ஒருத்தரும் நம்பல. எப்படி இருந்துச்சு? எனக்குத் தினமும் அப்படித்தான் இருக்கு. நீங்க நடிச்சப்போ கோவம் வரல. ரொம்ப நாளா என்னைத்தான் எல்லாரும் பாத்துக்கறீங்க. எனக்கும் யாரையாவது பாத்துக்கணும்னு இருந்துச்சு."

இத்தனை நாளும் அவர் நலத்துக்காக எல்லோரிடமும் பேசினேன், அவரிடம் மட்டும் நான் பேசவே இல்லை என்பது அந்தச் சரளைக் கல்லில் கிடந்தபோதுதான் உறைத்தது.

கால் ஊன்ற முடியவில்லை. மச்சான் ஒரு கையால் என் சைக்கிளையும் மறு கையால் என் தோளையும் பிடித்து இறக்கிவிட்டார். லாரிக்காரர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு ஓடிப்போய் எங்கேயோ உப்புப் போட்ட மோர் வாங்கிவந்தார். வண்டியில் ஏறப்போகிற ஒரே ஆள் நான்தான் என்று முடிவானது. தலையில் மச்சானின் ஈரத் துண்டோடு லாரியின் முன்சீட்டில் ஏற்றப்பட்டேன்.

கிளம்பும்போது மச்சான் ஜன்னலருகில் வந்து நின்றார். "லாரி முன்னாடி போகட்டும். நாங்க பின்னால வரோம்."

"ஏன் மச்சான்?"

"உன் விதிதானே? மெதுவானவர் முன்னால."

சித்தாலப்பாக்கம் வழியாக மேடவாக்கம் போய்ச் சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. அடுக்கக வாசலில் கூட்டம் நின்றது. தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு நடுவில் அக்கா. லாரி திரும்பியதும் அவள் முதலில் பார்த்தது முன்சீட்டில் சாய்ந்து கிடந்த உருவத்தை, அதன் தலையில் இருந்த சிவப்புக் கட்டத் துண்டை.

"யா அல்லாஹ்!" என்று அவள் போட்ட அலறலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் துண்டை விலக்கி, "அக்கா, நான்தான், நான்தான்!" என்று கத்தினேன். அது அவள் காதில் ஏறவில்லை.

அப்போது லாரிக்குப் பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. மச்சான் லாரியைச் சுற்றிக்கொண்டு வந்தார். இறங்கவில்லை. மிதித்தபடியே கேட்டுக்குள் நுழைந்து, கார் பார்க்கிங்கில் ஒரு சுற்றுச் சுற்றி, அக்காவின் முன்னால் வந்து காலை ஊன்றினார்.

அக்கா நிமிர்ந்து அவரையும் லாரியில் இருந்த என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எழுந்து நேரே என்னிடம் வந்து, வலி குறைந்திருந்த இடது காலில் ஓர் அடி போட்டாள். அப்புறம் அழுதாள்.

"அழுகை எல்லாம் அப்புறம்மா, தண்ணி எப்ப ஊத்துவாங்க?" என்று முதல் மாடிக்காரர் கேட்டார்.

"தண்ணியா?" என்று லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். "அத பெரிய பாய கேளுங்க."

கூட்டம் மச்சானைப் பார்த்தது. மச்சான் போனை எடுத்தார். "யாரு, நான்தான் பேசறேன். ஆமா, நானேதான். ஒரு லோடு இப்பவே வரணும். அதெல்லாம் காலைல பேசிக்கலாம், வண்டிய இப்ப அனுப்பு. கேட்டுல நான் நிக்கிறேன்." தெருவில் குடத்துக்கு வரிசை கட்டிய அதே குரல். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவர் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது கையில் சாவிக்கொத்து இருந்தது. அதை அவர் கையில் தரவில்லை. சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டு, "மூஞ்சி கழுவிட்டு வாங்க, டீ போடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். கழுவத்தான் தண்ணீர் இல்லை.

அடுத்த வாரம் முழுக்க நோயாளி நான்தான். அக்கா தினமும் போன் செய்து கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். நம்பாமல் என் மனைவிக்குப் போன் செய்து கேட்டாள். தம்பி ஒரு டாக்டரின் எண்ணை அனுப்பினான். டீச்சர் காலைத் தொங்கவிடாதீர்கள் என்றார். படி ஏறாதே என்று மனைவி சொன்னாள். நான் நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

சனிக்கிழமை மச்சானின் கடைக்குப் போனேன். டைல்ஸ் அடுக்குகளுக்கு நடுவில், கல்லாவில் உட்கார்ந்து யாருடனோ குழாய் அளவு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

"கால் எப்படி மாப்ள?"

"நல்லா இருக்கு மச்சான்."

"சரி," என்று சொல்லிவிட்டு, அந்த ஓரத்தில் கிடந்த சிமென்ட் மூட்டையைக் கொஞ்சம் நகர்த்திப் போடு என்றார்.